வோல்டேஜைக் குறைத்தது யார்

ஜூன் 4, திங்கள்

உரக்கடையில் ஜனவரியில் கொடுத்த டைரி. மேஜைக் கால் ஆடாமல் இருக்க இத்தனை மாதம் அடியில் கிடந்தது. இன்று எடுத்துத் தூசி தட்டி எழுத ஆரம்பிக்கிறேன். காரணம் இருக்கிறது.

எதிர்ப்பக்கம் புதிதாக ஒரு ஜெராக்ஸ் கடை திறந்துவிட்டார்கள். தென்காசி தாலுகா ஆபீசுக்கு வருகிறவனுக்குக் குத்தாலிங்கம் ஜெராக்ஸை விட்டால் வேறு போக்கிடம் இல்லை என்றிருந்த காலம் இன்றோடு முடிந்தது. கடைக்காரன் பெயர் ஆல்பின். முப்பது வயது இருக்கும். சீரியல் லைட், ரிப்பன், பாட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் லட்டு. அதெல்லாம் போகட்டும். லட்டு வாங்கித் தின்றவர்களில் எங்கள் எமில்டாவும் ஒருத்தி.

எமில்டா என் கடையில் மிஷின் ஓட்டுகிறவள். கடை தொடங்கிய மறுவருஷம் வந்தாள், பதினோரு வருஷமாக இருக்கிறாள். கடைக்கு நான் முதலாளி என்றால் மிஷினுக்கு அவள்தான் முதலாளி. நான் காசு வாங்குவேன், லேமினேஷன் போடுவேன், மனுவோடு வருகிறவர்களை உட்காரவைத்து ஊர்க்கதை பேசுவேன். மிஷினில் எந்தப் பட்டன் எதற்கு என்று கேட்டால் பச்சைப் பட்டனை மட்டும் காட்டுவேன். இது ஆபத்தான ஏற்பாடு என்று இத்தனை நாள் எனக்கு உறைக்கவில்லை.

"அங்க என்ன வேல ஒனக்கு?" என்று கேட்டேன்.

"எங்க கோயில் ஆளு அண்ணாச்சி. கூப்பிட்டான், போகாட்டா நல்லாருக்காது. இந்தாங்க, ஒங்களுக்கும் ஒண்ணு குடுத்து விட்டான்."

நான் தின்னவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி வடிவு தின்றுவிட்டு, நெய் வாசம் நன்றாக இருக்கிறது என்று சர்டிபிகேட் வேறு கொடுத்தாள்.

இனி யார் எங்கே நின்றார்கள், யாரோடு பேசினார்கள், எல்லாம் இதில் ஏறும்.

ஜூன் 8, வெள்ளி

காலையில் கடைக்குச் சாம்பிராணி போட்டேன். கடைகளில் விற்கிற கப் சாம்பிராணியை நான் தொடுவதில்லை. தூபக்காலில் சிரட்டைக் கங்கு, அதன் மேல் பொடித்த கட்டிச் சாம்பிராணி. கடை முழுக்கப் புகை நிற்க வேண்டும், அப்போதுதான் கண்ணேறு கழியும்.

நான் கங்கு ஊதும்போது எமில்டா ஒரு பழைய சேலைத் துணியை எடுத்து மிஷின் மேல் போட்டு நாலு பக்கமும் இழுத்துவிட்டாள். நீலத்தில் மஞ்சள் பூப் போட்ட துணி. ஒவ்வொரு வெள்ளியும் செய்கிற வேலைதான். ஆனால் இன்றைக்குத்தான் நான் அதைக் கவனித்துப் பார்த்தேன். சாமிக்குக் காட்டுகிற புகை மிஷின் மேல் பட்டால் இவளுக்கு என்ன? இவள் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். புகை பிடிக்கவில்லை போலிருக்கிறது. வாயால் சொல்லாமல் துணியால் சொல்கிறாள்.

"ஏன் மூடுத?" என்றேன்.

"சாம்பல் பறந்து கண்ணாடியில விழும் அண்ணாச்சி."

"சோறு போடுத மிஷினு. அதுக்கும் சேத்துத்தான் புக காட்டுதேன். இனிமே மூடாத."

ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் துணியை மடித்து மேஜைக்கு அடியில் வைத்துவிட்டாள். மறுபேச்சு இல்லை. மறுபேச்சு பேசாதவர்களைத்தான் நம்பக்கூடாது.

ஜூன் 11, திங்கள்

சாரல். தாள்கட்டெல்லாம் நமுத்துக் கிடக்கிறது. ஆல்பின் கடையில் நாலு பேர் நின்றார்கள், நம்மிடம் பத்துப் பேர். அவன் கடையில் நின்ற நாலு பேரில் இரண்டு பேர் நேற்று வரை நம்மிடம் வந்தவர்கள்.

ஜூன் 15, வெள்ளி

சாம்பிராணி. துணி இல்லாததால் நேராகவே காட்ட முடிந்தது. மனசு நிறைந்திருந்தது. மிஷினின் முன்கதவைத் திறந்து உள்ளேயும் காட்டினேன். பின்னால் ஒரு சின்ன விசிறி ஓடிக்கொண்டிருக்குமே, அந்தப் பக்கம் தூபக்காலைக் கொண்டுபோனதும் புகை சுழன்று சுழன்று உள்ளே போயிற்று. சாமி நேராக வந்து குடியேறுகிற மாதிரி இருந்தது.

எமில்டா வாசலில் போய் நின்றுகொண்டாள்.

ஜூன் 20, புதன்

ரேஷன் கார்டு காப்பி எடுத்த ஒரு அம்மா, "என்ன அண்ணாச்சி, எழுத்து சோகை பிடிச்சாப்ல இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனது. எடுத்துப் பார்த்தேன். வெளுப்புத்தான். எமில்டா ஏதோ பட்டனை அமுக்கி அடுத்ததைக் கறுப்பாக எடுத்தாள்.

அப்படியானால் அவளால் கறுப்பாக்கவும் முடியும். வெளுப்பாக்கவும் முடியும். குறித்து வைக்கிறேன்.

ஜூன் 22, வெள்ளி

சாம்பிராணி. வாசலில் ஒரு பூசணிக்காயும் கட்டினேன்.

ஜூன் 27, புதன்

மிஷின் திரையில் கறுப்பு வெளுப்புக்கு ஒரு கோடு இருக்கிறது. வருஷக்கணக்காக நடுவில் நின்ற கோடு இன்று கடைசி முனைக்குப் பக்கத்தில் நிற்கிறது. கேட்டால், "வெளுப்பா வருதுன்னு கூட்டிக்கிட்டே வாரேன் அண்ணாச்சி. மெக்கானிக்கு மீரான வரச் சொல்லுங்க" என்கிறாள்.

மீரானுக்குப் போன் போட்டேன். கடையநல்லூர்க்காரன், கை சுத்தமானவன். சாரலில் பைக் வழுக்கிக் காலில் கட்டோடு கிடக்கிறானாம். எழுந்து நடக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றான். வேறு ஆளை உள்ளே விட்டால் நல்ல பார்ட்ஸைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டிவிடுவான்கள். மீரான் வரட்டும்.

"சாரல் ஈரத்துல வெளுக்குமோ?" என்று போனிலேயே கேட்டேன்.

"ஈரத்துக்குக் கறுப்பு கூடத்தான் செய்யும் அண்ணாச்சி. தாளே சாம்ப நிறமா வரும். வெளுக்குதுன்னா டெவலப்பர் வோல்டேஜு இறங்கியிருக்கும்."

"அது என்ன வோல்டேஜு? கரண்ட்டு ஆபீஸ்ல சொல்லணுமா?"

சிரித்தான். "வீட்டுக் கரண்ட்டு இல்ல அண்ணாச்சி, இது மிஷினுக்குள்ள உள்ளது. உள்ள டிரம்மு ஒண்ணு சுத்தும், அதுலதான் எழுத்து விழும். பக்கத்துல உருளையில கறுப்புப் பொடி நிக்கும். அந்த உருளைக்கு எவ்வளவு வோல்டேஜு குடுக்கமோ அவ்வளவு பொடி டிரம்முக்குத் தாவும். கூட்டுனா கறுப்பு, குறைச்சா வெளுப்பு."

"அத யாரு குறைக்க முடியும்?"

"சர்வீஸ் மெனுவுல போயி யாரு வேணும்னாலும் மாத்தலாம்."

"எமில்டாவுக்கு அந்த மெனு தெரியுமா?"

"அக்காவுக்குத் தெரியாம என்ன? நாந்தான காட்டிக் குடுத்தேன்."

யார் வேண்டுமானாலும் மாற்றலாம். தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தன் காலில் கட்டோடு படுத்திருக்கிறான்.

ஜூலை 3, செவ்வாய்

பேங்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, முக்கு டீக்கடையில் உட்கார்ந்து என் கடையைப் பார்த்தேன். சொந்தக் கடையை வேவு பார்க்கிற நிலைமை. ஆல்பின் ரோட்டைக் கடந்து வந்தான். எமில்டாவிடம் ஒரு மஞ்சள் கட்டு கொடுத்தான். அவள் வாங்கிப் பைக்குள் வைத்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நான் போனதும், "ஆல்பின் வந்தானா?" என்று கேட்டேன்.

"வந்தான் அண்ணாச்சி. ஆகஸ்ட் பதினஞ்சு மாதா திருநாளு வருதுல்லா, அதுக்கு நோட்டீசு. எங்க தெருவுக்கு நான் குடுக்கணும்."

கேட்டதும் பதில் வருகிறது. தயாராக வைத்திருந்த மாதிரி.

ஜூலை 6, வெள்ளி

சாம்பிராணி, எலுமிச்சம்பழம், மிஷினுக்கு மூன்று பக்கமும் குங்குமம். வடிவுக்கு எப்படியோ தகவல் போய்விட்டது. வீட்டுக்குள் நுழைந்ததுமே பிடித்துக்கொண்டாள்.

"மிஷினு கெட்டா மெக்கானிக்கக் கூப்பிடுவாங்க. எலுமிச்சம்பழமா வைப்பாங்க?"

"அது கெடல. கெடுக்காங்க."

"யாரு, எமில்டாவா? ஒங்களுக்கு நெஞ்சு வலி வந்தன்னைக்குக் கடையப் பூட்டிச் சாவியையும் கல்லாவையும் கொண்டாந்து எங்கிட்ட குடுத்தவ அவ. ஒங்களுக்கு ஒங்க நெழலே பின்னால வந்தாலும், ஏன் வாரன்னு கேப்பிய."

பெண்களுக்கு வியாபாரத்தில் இருக்கிற சூது தெரியாது. அன்றைக்கு நம்பவைத்ததெல்லாம் இன்றைக்காகவும் இருக்கலாம்.

ஜூலை 12, வியாழன்

எமில்டா சாப்பிடப் போன நேரம், மீரானிடம் போனில் கேட்டுக் கேட்டு அந்த மெனுவுக்குள் நானே நுழைந்துவிட்டேன். முன்கதவுக்கு உள்ளே ஒட்டியிருக்கிற சீட்டில் டெவலப்பர் வோல்டேஜ் முந்நூற்று எண்பது என்று இருக்கிறது. திரையில் காட்டுவது முந்நூற்று முப்பது!

எழுபது பக்கம் எழுதிச் சேர்த்தாலும் இந்தச் சாட்சிக்கு ஈடாகாது. குறைத்திருக்கிறார்கள்.

அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

ஜூலை 14, சனி

முந்நூற்று இருபத்திரண்டு. நேற்றுச் சாம்பிராணியில் கடுகும் மிளகாயும் சேர்த்துப் போட்டும் எதிரி அசரவில்லை. இருமித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஜூலை 17, செவ்வாய்

எமில்டா லீவு. அவள் மகள் கோயில் பாட்டுக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறதாம், அதற்கு என்னவோ வாங்கப் போகிறார்கள். ஆடி முதல் நாள், ஆபீசில் கூட்டமும் இல்லை. நானே பச்சைப் பட்டனை அமுக்கி நாலைந்து காப்பி எடுத்ததோடு சரி. சாயங்காலம் மெனுவில் பார்த்தேன். காலையில் இருந்த எண் அப்படியே இருக்கிறது.

அவள் வராத நாளில் குறையவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஜூலை 20, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. மாரியம்மன் கோயிலில் மந்திரித்த சாம்பிராணி வாங்கிவந்து போட்டேன். எதிர்க்கடை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் புகை. ரோட்டில் போன ஒருவர் தீப்பிடித்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார்.

ஜூலை 23, திங்கள்

முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு இலஞ்சியிலிருந்து மாடசாமிக்கோனார் வந்தார். எழுபது வயசு. பங்காளித் தகராறில் இருக்கிற நிலத்துக்குப் பழைய பத்திரத்தின் காப்பியை மனுவோடு வைத்திருந்தார். போன வாரம் நம்மிடம் எடுத்த காப்பி. சீல் தெரியவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். கடை வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"ஏ குத்தாலிங்கம்! நாலு தடவ பஸ் ஏறி வந்து அலைதேன். இது ஜெராக்ஸா, வெள்ளத்தாளா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் தங்கள் கையிலிருந்த காப்பியைத் தூக்கிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். எமில்டா பக்கம் திரும்பினேன்.

"வோல்டேஜக் குறைச்சது யாரு?"

"என்ன அண்ணாச்சி?"

"நடிக்காத. மெனுவுக்குள்ள போயி வோல்டேஜக் குறைச்சது யாரு? இங்க வெளுத்தா எல்லாரும் எதுத்தாப்ல போவான்லா? அதுக்கு எவ்வளவு பேசியிருக்கான் அவன்?"

எல்லாரும் கேட்டார்கள். அவர்கள் கேட்க வேண்டும் என்றுதான் பேசினேன். எமில்டா அழவில்லை, சத்தமும் போடவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நான் மெனுவத் தொடல அண்ணாச்சி. இந்தக் கைக்கு அப்படி ஒரு வேல தெரியாது."

"நாளையிலேருந்து வராத."

கையைக் கழுவினாள். டோனர் அப்பிய விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினாள். சாப்பாட்டு வாளியை எடுத்தாள். குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து அந்த நீலத் துணியையும் எடுத்தாள்.

"இது எங்க வீட்டுத் துணி. எடுத்துக்கிடுதேன்" என்றாள்.

கோனார் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பத்திரத்தை மடித்து மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் செய்தது சரி. கடை நடத்துகிறவன் ஈவு இரக்கம் பார்க்க முடியாது. வீட்டில் சொன்னதும் வடிவு தட்டைக் கழுவப் போனவள் திரும்பி வரவே இல்லை.

ஜூலை 26, வியாழன்

மூன்று நாளாக நானே ஓட்டுகிறேன். முந்நூற்று ஐந்து. இன்னும் இறங்குகிறது. போகும்போது எதையோ செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மெனுவில் நானே கூட்டிவைத்தேன். நாலு மணிக்குள் பழையபடி இறங்கிவிட்டது.

பேய் பிடித்த மாதிரி இருக்கிறது. நாளைக்கு இன்னும் நல்லதாகச் சாம்பிராணி வாங்க வேண்டும்.

ஜூலை 30, திங்கள்

கான்வென்ட் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சிஸ்டர் போன் செய்தார். எமில்டா அங்கே ஆபீஸ் வேலைக்குக் கேட்டிருக்கிறாளாம். மிஷின் பார்த்துக்கொள்வது, பரீட்சைக் கேள்வித்தாள் காப்பி எடுப்பது, அந்த மாதிரி வேலை. "உங்ககிட்ட ரொம்ப வருஷம் இருந்ததாச் சொல்றாங்க. ஆள் எப்படிங்க ஐயா?"

"வேல தெரிஞ்சவதான் சிஸ்டர். ஆனா கேள்வித்தாள நம்பி ஒப்படைக்கலாமான்னு கேட்டா, நான் ஒண்ணும் சொல்லுததுக்கில்ல. நீங்களே பாத்து முடிவெடுங்க."

அவ்வளவுதான் சொன்னேன். கெடுதலாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

ஆகஸ்ட் 3, வெள்ளி

சாம்பிராணி போட்டு, கற்பூரமும் கொளுத்தி உள்ளே காட்டினேன். காப்பி கிட்டத்தட்ட வெள்ளைத் தாளாக வருகிறது. ஆல்பின் கடையில் வரிசை ரோடு வரை நிற்கிறது. எமில்டா அங்கே இல்லை. பின்வாசல் வழியாக வருகிறாளோ என்று பார்த்தேன். அந்தக் கடைக்குப் பின்வாசலே கிடையாது.

ஆகஸ்ட் 7, செவ்வாய்

மீரான் வந்தான். கம்பு ஊன்றிக்கொண்டு வந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன், யார் செய்தது என்பதையும் சொன்னேன். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மிஷினைத் திறந்தான். திறந்ததும் மூக்கை உறிஞ்சினான்.

"என்ன அண்ணாச்சி, தர்கா வாசன வருது?"

டிரம்மை வெளியே எடுத்தான். அதற்குப் பின்னால் பட்டாணி அளவுக்கு ஒரு சின்னக் கண்ணாடி. காதில் விடுகிற பஞ்சுக் குச்சியால் அதைத் துடைத்து என்னிடம் நீட்டினான். பஞ்சு காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. முகர்ந்து பார்த்தேன். என் சாம்பிராணி!

"இது என்ன?" என்றேன்.

"மிஷினோட கண்ணு. மிஷினு அப்பப்ப டிரம்மு மேல தானா ஒரு சின்னக் கறுப்புப் பொட்டு வச்சு, இந்தக் கண்ணால பாத்துக்கிடும். பொட்டு வெளுத்திருந்தா வோல்டேஜக் கூட்டும். ரொம்பக் கறுத்திருந்தா குறைக்கும். இந்தக் கண்ணுல பொகைக்கறை பிடிச்சுப்போச்சு. எந்தப் பொட்டப் பாத்தாலும் அதுக்குக் கறுப்பாத்தான் தெரியும். போதும் போதும்னு தானாக் குறைச்சிக்கிட்டே போயிருக்கு."

"அப்ப யாரும் மாத்தல?"

"யாரு மாத்துவா? நீங்க கூட்டி வச்சாலும் அது திரும்பப் பாத்துட்டுக் குறைக்கத்தான் செய்யும்."

"எமில்டா லீவு போட்டன்னைக்குக் குறையலயே!"

"அன்னைக்கு எத்தன காப்பி எடுத்திய?"

நான் சொல்லவில்லை. நாலைந்து.

"இத்தன வருஷமா நானும் சாம்பிராணி போடுதேன், மீரான். ஒண்ணும் ஆகலயே."

அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "அக்கா துணி போட்டு மூடிருவாங்கல்லா. ஒருநா வெள்ளிக்கெழம சர்வீசுக்கு வந்தப்ப பாத்தேன். இப்ப மூடலயா?"

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாவற்றையும் துடைத்து மாட்டி மிஷினைப் போட்டான். அது கொஞ்ச நேரம் உள்ளே முனகிக்கொண்டிருந்தது. யாரும் எந்த மெனுவுக்குள்ளும் போகவில்லை. முதல் காப்பி மையைக் கொட்டியது போலக் கறுப்பாக வந்தது. அப்புறம் திரையில் காட்டினான். முந்நூற்று எழுபத்தெட்டு.

ஒன்றரை மாதம் முந்தி இவன் பைக் வழுக்கி விழாமல் இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. பைக்கை ஒழுங்காக ஓட்டத் தெரியாதா இவனுக்கு?

ஆகஸ்ட் 8, புதன்

வடிவிடம் சொன்னேன். "அந்தப் பிள்ளட்ட போயிச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். சொல்ல வேண்டும் என்றேன். "நாலு பேரு முன்னாடி பழி சொல்லத் தெரிஞ்சிச்சு. இதுக்கு மட்டும் நல்ல நேரம் பாக்கணுமோ?" என்றாள்.

ஆகஸ்ட் 10, வெள்ளி

ஆடிக் கடைசி வெள்ளி. தூபக்காலை வாசலோடு நிறுத்திக்கொண்டேன். உள்ளே எடுத்துவரப் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 13, திங்கள்

முதலில் கான்வென்ட்டுக்குப் போனேன். அங்கே சரி செய்துவிட்டால் எமில்டாவிடம் நல்ல செய்தியோடு போகலாம் என்பது என் கணக்கு. சிஸ்டர் எனக்கு மோர் கொடுத்தார்.

"எமில்டா மேல தப்பில்ல சிஸ்டர். மிஷின்லதான் கோளாறு."

"மிஷின்லயா?"

"மிஷினுக்குள்ள பொக போயிருச்சு." யார் புகை என்று சிஸ்டரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர் மேஜை மேல் இருந்த காகிதங்களை ஒதுக்கி வைத்தார். "நீங்க அன்னைக்குச் சொன்னத வச்சு வேற ஆள் போட்டாச்சே ஐயா. அந்தப் பொண்ணும் பாவம். நாலு நாள் சேந்தாப்ல வந்து கேட்டுட்டுப் போனா. என்ன காரணம்னு எங்களால சொல்லவும் முடியல."

மோரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். நான் ஒரு வார்த்தையும் கெடுதலாகச் சேர்க்கவில்லை என்று இந்த டைரியில்தான் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

ஆகஸ்ட் 15, புதன்

சுதந்திர தினம், கடை லீவு. மாதா கோயிலுக்குப் போனேன். வடிவும் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன்.

உள்ளே ஒரே கூட்டம். கடைசியில் தூணோரம் நின்றேன். மைக் வயரை இழுத்துக்கொண்டு ஆல்பின் ஓடிக்கொண்டிருந்தான். மஞ்சள் நோட்டீஸ் ஆளுக்கு ஒன்று வைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். திருநாள் நோட்டீஸ்தான். வேறொன்றும் இல்லை.

பாட்டுக்காரர்கள் பக்கம் எமில்டாவின் மகள் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தது. ஒரு பாட்டு முடிந்தது. பக்கத்து வாசல் வழியாக ஒருவர் சங்கிலி கட்டிய பித்தளைக் கலசத்தோடு வந்தார். அதை ஆட்ட ஆட்டப் புகை எழும்பியது. எனக்கு அந்த வாசனையை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. சாம்பிராணி! இவர்களும் போடுகிறார்கள். புகை பிடிக்காதவள் என்று இவளைப் பற்றித்தான் எழுதினேன்.

கலசம் பாட்டுக்காரர்கள் பக்கம் திரும்புவதற்குள் எமில்டா எழுந்தாள். பைக்குள்ளிருந்து அந்த நீலத் துணியை எடுத்தாள். கீபோர்டின் மேல் போட்டு நாலு பக்கமும் இழுத்துவிட்டாள். பிறகு முட்டிபோட்டு, கண்ணை மூடி, புகை தன் மேல் பட நின்றாள்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து செருப்புக் கிடந்த இடத்தில் நின்றேன். வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

பூசை முடிந்து வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றாள். மகளை முன்னால் போகச் சொன்னாள்.

"வாங்க அண்ணாச்சி. மிஷினு சரியாயிட்டா?"

"ஆயிட்டு. மீரான் வந்தான்."

"எவ்வளவு காட்டுது?"

"முந்நூத்தி எழுபத்தெட்டு."

"நல்ல வேள." உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். மிஷினுக்காக.

"எமில்டா, சாம்பிராணிதான். உள்ள ஒரு கண்ணு இருக்காம். அதுல கறை. ஒம்மேல ஒண்ணும் இல்ல. நாளைக்கே வந்துரு."

அவள் தலையைக் குனிந்து செருப்பைத் தேடினாள். "நாளைக்கு ஆல்பின் கடையில சேருதேன் அண்ணாச்சி. அவன் என்னக் கூப்பிடல. சத்தியமா கூப்பிடல. நானாப் போயித்தான் கேட்டேன். கான்வென்ட்டும் இல்லன்னு ஆன பொறவு வேற எங்க போவேன்?"

அந்தக் கடைக்காகத்தான் எல்லாம் செய்கிறாள் என்று ஜூன் மாதத்திலிருந்து எழுதிவந்தவன் நான். கடைசியில் கையைப் பிடித்து அங்கே கொண்டுபோய் விட்டவனும் நான்தான்.

போகும்போது பையிலிருந்து துணியை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"இத வச்சிக்கிடுங்க. எம் பிள்ளைக்கு வேற எடுத்துக்கிடுதேன். நாலு பக்கமும் எறங்குற மாதிரிப் போடணும். பின்னால விசிறி இருக்குத பக்கத்த மறந்துராதீங்க, அதுதான் பொகைய இழுக்கும். நான் சாம்பலத்தான் நெனச்சேன் அண்ணாச்சி, கண்ணு இருக்குன்னு எனக்கும் தெரியாது."

ஆகஸ்ட் 17, வெள்ளி

ஆவணி முதல் நாள். துணியைப் போட்டேன். மூன்று பக்கம் சரியாக இறங்கியது, விசிறிப் பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. மறுபடி எடுத்துப் போட்டேன். பிறகுதான் கங்கு ஊதினேன்.

பதினொரு மணிக்கு மாடசாமிக்கோனார் வந்தார். பழைய பத்திரத்தோடு. உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பிள்ள எங்க?"

வரிசையில் ஆறேழு பேர் நின்றார்கள். அன்றைக்கு நின்றவர்கள் யாரும் இல்லை, இவர் ஒருத்தரைத் தவிர. இவர் ஒருத்தர் போதும் என்று தோன்றியது. எழுந்து நின்றேன்.

"எதுத்த கடையில இருக்கு, மாமா. அன்னைக்கு ஒங்க முன்னாடி அது மேல நான் சொன்னது அம்புட்டும் பொய்யி. அது ஒண்ணும் செய்யல. மிஷினுக்குள்ள பொகையப் போட்டுக் கெடுத்தது நாந்தான். அங்கயே போயி எடுத்துக்கிடுங்க, நல்லா எடுத்துத் தரும்."

லேமினேஷனுக்கு நின்ற ஒருவர் சிரித்தார். கோனார் சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ரோட்டைக் கடந்து போனார்.

கொஞ்ச நேரத்தில் அதே பத்திரத்தோடு திரும்பி வந்தார்.

"அந்தப் பிள்ள சொல்லுது, பழைய பத்திரத்துக்கு ஒம் மிஷினுதான் லாயக்காம். இங்கயே எடுக்கச் சொல்லிட்டு. கறுப்பு வெளுப்புக் கோட்ட நடுவுலேருந்து ரெண்டு தள்ளி வச்சு எடுக்கணுமாம், கண்ணாடிய ஒரு தடவ தொடச்சிக்கிடணுமாம்."

பத்திரத்தைக் கையில் வாங்கினேன். கண்ணாடியைத் துடைத்தேன். கோட்டை இரண்டு தள்ளி வைத்தேன். பச்சைப் பட்டனை அமுக்கினேன். காப்பி சூடாக வந்து விழுந்தது. வட்ட சீல், அதற்குள் இருக்கிற எழுத்து, பக்கத்தில் யாரோ செத்துப்போன சார்பதிவாளர் போட்ட கிறுக்கல் கையெழுத்து, எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது.

வாசலுக்கு வந்து அதை எதிர்க்கடையைப் பார்த்துத் தூக்கிக் காட்டினேன். எமில்டா மிஷினில் குனிந்து வேலையாக இருந்தாள். பார்க்கவில்லை.

பார்த்துவிட்டுத்தான் குனிந்தாளோ என்று ஒரு நினைப்பு ஓடியது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், எழுதிவிட்டேன். டைரியை மறுபடி மேஜைக் காலுக்குக் கொடுக்கப் போகிறேன். இத்தனை நாளும் மேஜை ஆடிக்கொண்டுதான் இருந்தது.